கம்பு திரும்பினால் ஆள் திரும்பியாச்சு

பெட்டியில் எல்லாக் கம்புகளும் இருந்தன. அதனால்தான் தெய்ஜியை யாரும் மலையில் தேடவில்லை.

தோபிமினே கோட்டைக்கு ஏறுகிற பாதையின் தொடக்கத்தில் கோட்டைச் சங்கத்தார் வைத்திருக்கும் மரப்பெட்டி அது. உள்ளே மூங்கில் கம்புகள். ஏறுகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது, இறங்கியதும் செருகிவிட்டுப் போக வேண்டியது. காசும் கிடையாது, காவலும் கிடையாது. ஒரு கம்புகூடக் களவு போனதில்லை. மேலே இருப்பது என்னவோ பாசி பிடித்த கல்மதில்களும், எதிரி ஏறிவிடாமலிருக்க அந்தக் காலத்தில் சரிவில் செங்குத்தாக வெட்டிவிட்ட பள்ளங்களும்தான். கோட்டை எரிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அதைப் பார்க்கவும் ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள்.

பொழுது சாயும்போது சங்கத் தலைவர் ஓகிதா வந்து கம்புகளை எண்ணுவார். குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போவார். சரியாக இருந்தால் மலை காலி. வீட்டுக்குப் போய் நிம்மதியாக சாக்கே மது குடிக்கலாம். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே தெய்ஜிதான். 'கம்பு திரும்பினால் ஆள் திரும்பியாச்சு' என்று பெட்டி மூடியில் தூரிகையால் எழுதியதும் அவரேதான்.

சனிக்கிழமை காலையில் தெய்ஜி ஏறினார். மாலையில் கம்புகள் சரியாக இருந்தன. தெய்ஜி மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை.

தெய்ஜியின் மனைவி மிசுஹோ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வருகிற போகிறவர்களிடமெல்லாம் கணவரின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்து கிடந்தது. ஓகிதா சூடான தேநீர் புட்டியை அவள் கையில் திணித்தார்.

"குடி தங்கச்சி. நீயும் விழுந்துட்டா யாரு பாக்கிறது?"

"போலீஸ்ல என்ன சொல்றாங்கண்ணே?"

"ஆத்துல கீழ அணை வரைக்கும் பாத்துட்டாங்களாம். ரயில் ஸ்டேஷன் கேமராவுலயும் ஆளைக் காணோம்."

"யாரோ பொம்பளையோட போயிட்டாருன்னு கடையில பேசிக்கிறாங்க."

"யாரு, தெய்ஜியா? அவனாவது ஓடிப்போறதாவது! பஸ்ஸுல ஏறணும்னாலே ரெண்டு நாள் யோசிப்பான்."

மிசுஹோவுக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை காலை நடந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பெர்சிமன் பழங்களைத் தோல் சீவி, கயிற்றில் கோத்து, கூரையோரம் காயப்போட வேண்டிய நாள் அது. கூடமாட உதவி செய்யச் சொன்னாள். அவரோ பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லுங்களோடயே குடித்தனம் பண்ணுங்க. இறங்கி வரவே வேண்டாம்!"

"கல்லு எதிர்த்துப் பேசாது, அது ஒரு வசதிதான்" என்று சிரித்தார் அவர். "மத்தியானத்துக்கு உதோன் நூடுல்ஸ் பண்ணி வை."

இடுப்பில் தொங்கிய கரடிமணி கிணுகிணுக்கப் போய்விட்டார். இந்தப் பக்கத்து மலைகளில் மணியில்லாமல் யாரும் ஏறுவதில்லை. சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமையே அவள் ஓகிதாவிடம் கேட்டாள், எதற்கும் மலையில் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று. ஓகிதா பெட்டியைக் காட்டினார்.

"கம்பு வந்துடுச்சேம்மா. இறங்கி, கம்பை வெச்சிட்டுத்தான் எங்கேயோ போயிருக்கான். நம்மகிட்ட இருக்கிறதே கொஞ்சம் தீயணைப்பு ஆளுங்க. அவங்களை மலைக்கு அனுப்பிட்டு, இவன் ஆத்தோரம் கிடந்தான்னா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கம்பை மலையில் போட்டுவிட்டு வருகிற மனிதரா தெய்ஜி? ஆக, இறங்கியிருக்கிறார். இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. நான் வரவேண்டாம் என்றேன், வரவில்லை. அவ்வளவுதான்.

பாதையில் மணிச்சத்தம் கேட்டது. நீலத் தொப்பி போட்ட ஒருவர் இறங்கி வந்தார். முகத்தில் அலாதித் திருப்தி. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கே உரிய திருப்தி அது. பெட்டியருகே வந்து கம்பைச் செருகினார்.

அப்புறம் இன்னொன்றையும் செருகினார்.

மிசுஹோ அதையே பார்த்தாள். "ரெண்டு கம்போடவா போனீங்க?"

"இல்லம்மா. ஒண்ணுதான் என்னுது. இன்னொண்ணை எனக்கு முன்னால வந்த யாரோ மதில்மேல சாய்ச்சு வெச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டாங்க. ஊர்க்காரங்க பாவம், இதுக்காக ஏறி வரணுமேன்னு நானே கொண்டாந்துட்டேன். எல்லாரும் செய்யறதுதானே?"

எல்லாரும் செய்கிறதுதான்.

தேநீர் புட்டி கீழே விழுந்து உருண்டது. மிசுஹோவும் ஓகிதாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சனிக்கிழமையும் இப்படி ஒரு நல்ல மனிதர் வந்திருக்கலாம். தெய்ஜியின் கம்பைப் பத்திரமாக, மரியாதையாக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கலாம்.

"மேல யாரையாவது பாத்தீங்களா?" அவள் குரல் கிரீச்சிட்டது.

"பாக்கலை. மணி மட்டும் கேட்டுச்சு, மேல் மதிலுக்குக் கீழே எங்கேயோ. வணக்கம்னு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. ஆனா மணி படபடன்னு அடிச்சுது. கரடிக்கு ரொம்பப் பயந்தவர் போலன்னு சிரிச்சுக்கிட்டே..."

அவர் முடிக்கவில்லை. எதிரில் நிற்கும் இருவரின் முகமும் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

மிசுஹோ ஒரு கம்பை உருவிக்கொண்டு ஓடினாள். பின்னால் ஓகிதா போனில் தீயணைப்பு ஆட்களைக் கத்திக் கூப்பிடுவது கேட்டது. நீலத் தொப்பிக்காரர் அவளைத் தாண்டி முன்னே ஓடி வழிகாட்டினார். வேரிலும் ஈரச் சருகிலும் கால் வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள். நேற்று மாலை கொல்லையில் காயப்போட்ட மெத்தையை எடுக்கும்போது, மலைப்பக்கமிருந்து லேசாக ஒரு மணிச்சத்தம் வந்தது நினைவில் அடித்தது. இந்த இருட்டுகிற நேரத்தில் இன்னும் இறங்காமல் யாரது என்று சலித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாளே!

மேல் மதிலை அடைந்தபோது ஓகிதாவும் தீயணைப்பு ஆட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லோர் இடுப்பிலும் மணி. கிணுகிணு, கிணுகிணு.

"மணியைப் பிடிங்க!" என்று அலறினாள் மிசுஹோ. "எல்லாரும் மணியைக் கையில பிடிங்க!"

பிடித்தார்கள். மலை அப்படியே அடங்கியது. காற்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"தெய்ஜி!" என்று ஓகிதா கூப்பிட்டார். மறுபடி மௌனம். நீலத் தொப்பிக்காரர் மதிலோரம் குனிந்து கீழே பார்த்தார். பார்த்தவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மதில் முனையில் ஒரு கல் புதிதாகப் பெயர்ந்திருந்தது. அதற்கு நேர்கீழே, செங்குத்துப் பள்ளத்தின் நடுவில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் சிக்கிக் கிடந்தார் தெய்ஜி. கால் மடங்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. நெஞ்செலும்பு நொறுங்கியவருக்குக் கூப்பிடக் குரல் எங்கிருந்து வரும்? வலது கைவிரல்களைச் சுற்றி மணியின் கயிறு இறுகியிருந்தது.

கயிறு கட்டி இறங்கிய தீயணைப்பு ஆள் அவர் மார்பில் காதை வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"உடம்புல இன்னும் சூடு இருக்கு" என்றான், சொல்லக் கூடாது என்று தோன்றுவதற்குள்.

மிசுஹோ யார் தடுத்தும் நிற்காமல் பள்ளத்தில் இறங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்த்தபடி கிடந்த திசையைப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே ஒரு கோடுபோலப் பள்ளம் கீழே இறங்கியது. அதன் முடிவில் அவர்கள் வீட்டுக் கூரை. கொல்லைக் கொடி. கூரையோரம் அவள் தனியாகக் கோத்துத் தொங்கவிட்ட பெர்சிமன் பழங்கள், அத்தனையும் பளிச்சென்று தெரிந்தன.

பார்த்துக்கொண்டேதான் மணியை அடித்திருக்கிறார்.

உடலை இறக்கிக் கொண்டுவந்தபின், ஆட்கள் ஒவ்வொருவராகக் கம்பைப் பெட்டியில் செருகினார்கள். கை அதுவாகச் செய்கிற வேலை. நீலத் தொப்பிக்காரர் தரையில் நெற்றி பட விழுந்து கிடந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. தூக்கிவிடவும் இல்லை.

பொழுது சாய்ந்தது. ஓகிதா வழக்கம்போலப் பெட்டியருகே வந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு மெல்ல நடந்து மிசுஹோவின் வீட்டு வாசலுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே செருப்பு விடும் இடத்தில், சுவரில் சாய்ந்து நின்றது ஒரு மூங்கில் கம்பு.

"தங்கச்சி... கம்பு..."

"ஒண்ணு குறையுதாண்ணே?"

"ஆமாம்மா."

"அப்போ மேல போய்ப் பாருங்க."

ஓகிதா கம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டார்ச்சைப் பொருத்திக்கொண்டு திரும்பினார்.

மிசுஹோ கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். இருட்டிக்கொண்டிருந்த மலையில் ஓகிதாவின் மணிச்சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இங்கிருந்து எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!