கடலோடு போனவளின் பெயர்

மின்ஹாவின் பெயரைப் பறித்துக்கொண்டு போனவர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கலீலுர் றஹ்மான் என்று பெயர். கடலோர ஊரான கிண்ணியாவில் பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்பும் முகவர். அவர் பேசினால் பாறையும் இளகும்.

"பதினேழு வயசுப் புள்ளைய அனுப்ப ஏலாது ராத்தா," என்றார் மின்ஹாவின் உம்மா ஸல்ஹாவிடம். "ஆனா உங்கட மூத்த மகளுக்கு இப்ப இருபத்திமூண்டுதானே?"

ஸல்ஹா தேநீர்க் கோப்பையை வைக்க மறந்து நின்றாள். மூத்தவள் சப்ரினாவைச் சுனாமி இரண்டு வயதில் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளையை மௌத்து என்று எழுதித் தரமாட்டேன் என்று ஸல்ஹா ஒரே பிடியாக நின்றாள். மரணம் பதியப்படவேயில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை சப்ரினா வளர்ந்துகொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் போகாமல், காய்ச்சல் வராமல், ஒரு பிடி சோறு தின்னாமல் வளர்ந்து குமரியாகியிருந்தாள்.

அவள் போய் நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் மின்ஹா. வாப்பா மாரடைப்பில் போனதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. "நான் போறன்," என்று மின்ஹாதான் முதலில் சொன்னாள். யாரும் அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் கலீலுர் றஹ்மான் பார்த்துக்கொண்டார். ஒரு கட்டளை மட்டும் போட்டார்.

"வீட்டுக்கயும் மின்ஹா எண்டு கூப்பிடப்படா. பாஸ்போட் கந்தோரில பேரைக் கூப்பிடேக்க முழிச்சாவெண்டா எல்லாம் கெட்டுப்போகும். நித்திரையில கூப்பிட்டாலும் சப்ரினாவா எழும்போணும்."

உயிரோடிருப்பவளுக்கு இறந்தவளின் பெயரைப் பூட்டிவிட்டு, தட்டில் இருந்த பிஸ்கட்டையும் தின்று முடித்துத்தான் மனிதர் போனார்.

முதலில் ஸல்ஹாவின் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. இத்தனை வருஷமும் சொல்லாமலே அடக்கி வைத்திருந்த பெயர். தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. பிறகு வந்தது. வந்தது நிற்கவேயில்லை. "சப்ரினா, விளக்குமாறை எடு." "சப்ரினா, கோழியத் துரத்து." மின்ஹாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பப் பழகினாள்.

விளையாட்டு எந்த இடத்தில் முடிந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு காலையில் உம்மா தேநீரை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாள். மறுநாள் மீனில் முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"உம்மா, நான் என்ன பச்சைப் புள்ளையா?" என்று மின்ஹா சிரித்தாள்.

உம்மா சிரிக்கவில்லை. "தின்னுங்க மகள். முள்ளு ஒண்டும் இல்ல."

அந்தி மஃரிப் பாங்குக்கு முன்னரே கடற்பக்கக் கதவு சாத்தப்பட்டது. தண்ணிப் பக்கம் போகப்படாதாம். போன கிழமை வரை அதே கரைக்கு மீன் வாங்க மின்ஹாவைத்தான் அனுப்பினாள்.

அடுத்து நடந்ததை மின்ஹா ஒருவருக்கும் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். குசினியிலிருந்து உம்மா கூப்பிட்டாள்: "சப்ரினா!" மின்ஹாவின் வாய் நிறையத் தண்ணீர். துப்பிவிட்டுப் பதில் சொல்வதற்குள், வீட்டுக்குள்ளிருந்து "உம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். குசினியில் உம்மா மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டவளைப் போல ஏதோ கதைத்துக்கொண்டே அரிசி களைந்தாள். வெகுநேரம் மின்ஹா உள்ளே போகவில்லை.

பிறகொரு நாள், கூடப் படிக்கும் அப்ரா படலையடியில் வந்து நின்றாள். "மின்ஹா நிக்கிறாவா உம்மா?"

"மின்ஹாவெண்டு இஞ்ச ஒருத்தரும் இல்ல மகள்," என்றாள் ஸல்ஹா.

கதவுக்குப் பின்னால் நின்ற மின்ஹா வாயைப் பொத்திச் சிரித்தாள். உம்மா இப்படி நன்றாக நடிக்கிறாளே! ஆனால் திரும்பி வந்த உம்மாவின் முகத்தில் பொய் சொன்னதற்கான சுவடே இல்லை. அவள் மின்ஹாவைக் கடந்து போனாள், ஆளில்லாத ஒரு கதிரையைக் கடந்து போவதுபோல.

அப்போதுதான் மின்ஹாவுக்கு உறைத்தது. போகிற தேசத்தில் யாராவது அடித்தால், அறையில் பூட்டி வைத்தால், அவள் எந்தப் பெயரைச் சொல்லி முறையிடுவாள்? பதிவில் மின்ஹா ஊரைவிட்டே போகாதவள். சப்ரினா கடலுக்குள் இருப்பவள். இரண்டு பேரில் யாரையும் அங்கே தேடி ஒருவரும் வரமாட்டார்கள். போகமாட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டதே.

வெளிநாடு போகும் பெண்களின் குடும்ப நிலைமையை விசாரிக்க, பிரதேச செயலகத்திலிருந்து சோபனா என்ற உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். பெயர், பிறந்த திகதி, என்ன வேலை தெரியும், எல்லாவற்றுக்கும் மின்ஹா தடங்கலில்லாமல் சப்ரினாவாகப் பதில் சொன்னாள். சோபனா ஸல்ஹாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அம்மா?"

"ரெண்டு."

"மற்றவ எங்க?"

மாமி வீட்டில் நின்று படிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். கலீலுர் றஹ்மான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"கடலோட போயிட்டா," என்றாள் ஸல்ஹா.

"சுனாமியிலயோ? அந்தப் பிள்ளையின்ர பேர்?"

"மின்ஹா."

"அப்ப என்ன வயசு?"

"பதினேழு," என்ற ஸல்ஹாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "நல்லாப் படிக்கிற புள்ள. நான்தான் கைய விட்டுட்டன்."

சோபனாவின் பேனை நின்றது. நாற்பது சொச்சம் வயதுடைய அந்தப் பெண்ணை அவர் உற்றுப் பார்த்தார். சுனாமியில் பதினேழு வயது மகளைப் பறிகொடுக்கிற வயதல்ல அது.

தன் மௌத்துச் செய்தியைத் தானே இருந்து கேட்கிற கொடுமை யாருக்கு வரும்? மின்ஹா எழுந்தாள்.

"நான்தான் மின்ஹா, மிஸ்," என்றாள். "நான் சாகல்ல. எனக்குத்தான் பதினேழு."

எல்லாவற்றையும் அழுதழுது சொல்லி முடித்தாள். சோபனா ஏசவில்லை.

"வயசு வந்தாப் பிறகு உங்கட சொந்தப் பேரில போங்கோ தங்கச்சி. அங்க ஏதும் நடந்தா நாங்கள் கேள்வி கேக்கலாம். இல்லாத ஒராளுக்காக ஆர் போய்க் கேக்கிறது? அந்த ஏஜென்சிக்காரரைப் பற்றியும் ஒரு முறைப்பாடு தாங்கோ." பிறகு தயங்கித் தயங்கி ஸல்ஹாவிடம் சொன்னார்: "அம்மா, அந்தச் சின்னப் பிள்ளையின்ர மரணத்தையும் பதிஞ்சு விடுங்கோ. இல்லாட்டி வேற ஆரையும் அந்தப் பேரில அனுப்பிப் போடுவினம்."

அவர் போனபின் வீடு ஓவென்று கிடந்தது. அக்கரையில் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"என்னைச் சாகடிச்சுப் போட்டீங்களே உம்மா!" என்று வெடித்தாள் மின்ஹா.

ஸல்ஹா தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"ரெண்டு பேரில ஒராள்தான் இரிக்க ஏலுமெண்டா நான் என்ன செய்ய? அவ இப்பதான் வந்தவ. ஒருக்கா விட்ட புள்ளைய இன்னொருக்கா எப்படி விடுற?"

மின்ஹா உம்மாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நாளைக்குப் போவம்," என்றாள் ஸல்ஹா. "மௌத்தெண்டு கையெழுத்து வைக்கிறன். இண்டைக்கு ராவைக்கு மட்டும் அவ இஞ்ச படுக்கட்டும்."

"ஓம் உம்மா."

மின்ஹா தன் பாயை விரித்தாள். கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு பாயை விரித்து, ஒரு சின்னத் தலையணையும் வைத்தாள். உம்மா வந்து இரண்டு பாய்க்கும் நடுவில் படுத்தாள். விடியும்வரை மின்ஹாவுக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது.