பண்டுப் பணத்துக்கு ஒரு கல்யாணம்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்ப் பைத்தியம் பிடித்தது ஒச்சாண்டி வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்வந்த அன்றைக்குத்தான். அதுவரைக்கும் நல்ல மனுஷர். தேவாரம் போர்டு ஸ்கூலில் வாத்தியார். பிள்ளைகளைப் பிரம்பால் வெளுப்பாரே தவிர, அடுத்தவன் காசில் கால் துட்டுக்கு ஆசைப்பட்டதில்லை. அந்த ஒச்சாண்டி இவரிடம் மூன்றாம் வகுப்பில் தோற்று ஓடினவன். மலைமேலே திருவாங்கூர் எல்லைக்குள் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்து, நாலே வருஷத்தில் காரை வீடு கட்டிவிட்டான். அழைத்த மரியாதைக்கு வாத்தியாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தான். பாவம், அவன் பிரியமாகத்தான் கொடுத்தான். இவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வேட்டியை மூலையில் விட்டெறிந்தார்.

"ஏழின் வாய்ப்பாடு சொல்லத் தெரியாத பய, எனக்கு வேட்டி குடுக்கிறான்" என்றார்.

"குடுத்தா கட்டிக்கிருங்க. உங்களுக்கென்ன, ஏழு வேட்டியா இருக்கு?" என்றேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிற பொன்னுராஜ் இவருக்குப் பழக்கம். அவர் புதுசாக ஒரு தோட்டம் பிடிக்கப்போகிறார், பங்கு சேர ஆள் பார்க்கிறார் என்று தெரிந்ததும் இவருக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. கையில் ஏது பணம்? மாசாமாசம் சம்பளத்தில் பிடித்து, போர்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்துவைக்கிற பிராவிடண்டு பண்டுதான் இருந்தது. வேலையை விட்டு வீட்டில் உட்காரும்போது கைக்கு வருகிற பணம். எங்களுக்கு நிலமில்லை, ஆண்பிள்ளை இல்லை. வயசான காலத்துக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

"பண்டுல கெடந்தா ஒரு வருச வட்டியில ஒரு எருமைக்கன்னு வாங்க முடியாது. தோட்டத்துல போட்டா மூணு வருசத்துல ரெட்டிப்பு" என்றார்.

"அம்புட்டு லாபம்னா அவரு ஏன் வாத்தியார் பணத்துக்கு வந்து நிக்கிறாரு?"

"உனக்கு வியாபாரம் தெரியாது, சண்முகம்."

"ஆமா, உங்களுக்கு ரொம்பத் தெரியும். கத்தரிக்காய் வாங்கப் போயி சொத்தையாப் பாத்து அள்ளிட்டு வந்தவுகதான. கை நடுங்கி சாக்குக்கட்டி பிடிக்க முடியாமப் போற அன்னைக்கு யாரு வாசல்ல போயி நிக்கிறது? அதை மொதல்ல சொல்லுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். புத்திகெட்டவள்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தவர், துண்டில் முடிந்த பணத்தை அடுப்படிக்கே கொண்டுவந்து காட்டினார். முந்நூற்றைம்பது ரூபாய். அவ்வளவு நோட்டை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. பண்டில் முன்பணம் கேட்டால் சும்மா தூக்கிக் கொடுத்துவிடமாட்டார்கள். சாவு, வைத்தியம், கல்யாணம் என்று ஏதாவது காரணம் இருக்கவேண்டும்.

"என்ன சொல்லி வாங்குனீக?" என்றேன்.

கையை அலம்பப் போவதுபோல நழுவினார். விடவில்லை. செம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"ராசாத்திக்குக் கல்யாணம்னு எழுதிக்குடுத்தேன்" என்றார்.

ராஜாத்தி எங்களுக்கு ஒரே மகள். பதினாறு முடிந்து பதினேழு. அவளுக்கு ஜெயமங்கலத்தில் என் அண்ணன் சுருளியாண்டியின் மகன் அம்மாவாசி முறைமாப்பிள்ளை. அவள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோதே அண்ணன் வந்து, "இவ எம் மருமக" என்று கையில் காப்புப் போட்டுவிட்டுப் போனவர். தாய்மாமனைக் கேட்காமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்ற பேச்சே எங்கள் பக்கத்தில் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் அது மாமன் முகத்தில் செருப்பால் அடித்ததுக்குச் சமம்.

"எங்க அண்ணன் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்? அடப் பாவி மனுசா, உங்களுக்குப் பொய் சொல்ல வேற எதுவும் ஆப்பிடலையா? எனக்குச் சீக்குன்னு எழுதக் கூடாதா?"

"அதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பான். இதுன்னா எட்மாஸ்டர் கையெழுத்து போதும்."

எட்மாஸ்டர் ஞானசிகாமணி சார் தங்கமான மனுஷர். ஆனால் ஒரு சந்தோஷச் செய்தி அவர் வயிற்றில் தங்காது.

"இன்னைக்கே அண்ணனுக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம்" என்றேன்.

"காயிதம் ஆபீஸ்ல தூங்கும். ஜெயமங்கலம் எங்கன இருக்கு, தேவாரம் எங்கன இருக்கு? நீயா ஊதிக் கெடுக்காத."

எனக்கும் அண்ணனிடம் போய், என் வீட்டுக்காரர் இப்படி ஒரு ஈனக் காரியம் செய்தார் என்று சொல்ல நாக்குக் கூசியது. சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மாசம் அந்தப் பணம் அரிசிப்பானைக்குள் கிடந்தது. எடுத்துவிட்டாரே தவிர, கொடுக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. மலையில் மழை பிந்திவிட்டது என்று யாராவது சொன்னால், "பணத்தைத் திருப்பிக் கட்டிருவோம்" என்பார். மலைமேலிருந்து வரும் மெட்டுப் பாதையில் ஏல மூட்டை இறங்கி வருவதைப் பார்த்தால், "போட்டுருவோம்" என்பார். பொன்னுராஜும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு வருகிறேன், உண்டு இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். சனிக்கிழமை முழுக்க இவர் வேண்டாம் என்றார். ஞாயிறு விடிந்ததும் வேண்டும் என்றார். எனக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது.

பொன்னுராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இவர் பணத்தைப் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து எடுத்துவந்தார். "குடுக்காதீக" என்று கடைசியாக ஒரு தடவை சொன்னேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

என் அண்ணன். ஒற்றை ஆளாக வந்திருந்தார். வண்டியில் வாழைத்தார், வெல்லம், பருப்பு, ஒரு ஜோடி குத்துவிளக்கு, தாம்பாளத்தில் பட்டுச்சேலை, வளையல். ஒவ்வொன்றாக இறக்கி நடுவீட்டில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"மாமன் சீரு. எனக்குச் சொல்லாமச் செஞ்சாலும், மாமன் சீரு வராம எம் மருமக மணவடையில உக்காரக் கூடாதுல்ல ஆத்தா."

"யாருண்ணே சொன்னது?"

"ஞானசிகாமணி சார் தேனிச் சந்தையில பாத்தாக. தை மாசம் கல்யாணமாமே, உங்க மச்சான் முத்துவீரன் சார் பண்டுப் பணமெல்லாம் எடுத்துட்டாகளேன்னு சொன்னாக. நான் ஆமா ஆமான்னு சிரிச்சேன். வேற என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளை யாருன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தாய்மாமன் போயி வேத்தாள்கிட்ட அதைக் கேட்டா சந்தையே சிரிக்காதா? அவுகளுக்குக் காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பிவச்சேன்."

"மதினி வரலையா?"

"அவளுக்கு மனசு ஆறல. விடு, போகப் போகச் சரியாயிரும்."

ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், பிழைத்துப்போயிருப்பேன். அவர் பார்வை இவர் கையிலிருந்த தட்டில் விழுந்தது.

"கல்யாணச் செலவுக்கு எடுத்த பணமா மாப்ள? பத்துமா?" என்று கேட்டுக்கொண்டே மடியை அவிழ்த்தார். சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை அந்தத் தட்டில், இவர் பணத்துக்கு மேலேயே வைத்தார். "செவலைக் காளையைக் குடுத்துட்டேன். வச்சுக்கங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. உடுத்தின சேலையோடு தெருவில் இழுத்துவிட்டால்கூட அப்படிக் கூசியிருக்காது. இவர் தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான்.

பொன்னுராஜ் ஒன்றும் புரியாமல், "வீட்டுல கல்யாணமா? சொல்லவே இல்லையே வாத்தியாரே" என்றார்.

"நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?" என்று இவரைக் கேட்டேன்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிற வாய்.

நானே சொன்னேன். ஏலத்தோட்டத்தையும், பண்டையும், எழுதிக்கொடுத்த பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் குத்துவிளக்கைப் பார்த்துச் சொன்னேன். பொன்னுராஜ் பாதியிலேயே எழுந்து பத்திரத்தை மடித்துக்கொண்டார். "எனக்கு இது தெரியாது தாயி. இந்தப் பணம் என் தோட்டத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

"அப்ப கல்யாணமே இல்லையா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. அம்மாவாசி இருக்கையில நாங்க யாரைத் தேடப்போறோம்?"

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை அவனுக்கு வெத்தலை மாத்தி நிச்சயம் பண்ணிட்டேன் ஆத்தா" என்றார். "சின்னமனூர்ல, நம்ம சொந்தத்துல அக்கம்மாள் மக."

"ஏண்ணே?"

"ஊரு உன்னையப் பேசும்ல. அண்ணன் மகனை ஒதுக்கிட்டு வசதியான எடம் பாத்துட்டாள்னு காறித் துப்பும்ல. நான் முந்திக்கிட்டா பேச்சு எம் மேல வரும், நீ தப்பிச்சுக்கிருவன்னு நெனச்சேன். அந்தப் பய ரெண்டு நாள் சோறு திங்கல. நாந்தான் அதட்டி உக்கார வச்சேன்."

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "வெத்தலையைத் திருப்பிக் குடுத்துட்டா என்னண்ணே?"

"அதுவும் ஒருத்தி பெத்த பொண்ணுதான ஆத்தா. நம்ம புள்ளைக்காக அதைச் சந்தியில நிறுத்தச் சொல்றியா?"

அப்படிக் கேட்டதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

அண்ணன் சாப்பிடவில்லை. ராஜாத்தி கொண்டுவந்த தண்ணீரை மட்டும் குடித்தார், அவள் முகத்தைப் பார்க்காமலே. சீரைத் திருப்பி ஏற்றச் சொன்னதற்கு, வழியெல்லாம் என்ன ஏது என்று கேட்பார்கள், வேண்டாம் என்றார். காளை விற்ற பணத்தை நான் எடுத்து நீட்டினேன். "அவ கல்யாணத்துக்கு வச்சுக்க. என்னைக்காச்சும் நடக்கும்ல" என்றார். இவரிடம், "வாரேன் மாப்ள" என்று சொல்லிக்கொண்டுதான் போனார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டிச் சத்தம் அடங்கினதும் இவர் வாயைத் திறந்தார். "நாளைக்கே பணத்தைத் திருப்பிக் கட்டிடுறேன்."

"என்ன சொல்லிக் கட்டுவீக? கல்யாணம் நின்னுபோச்சுன்னா? எம் மகளை நின்னுபோன கல்யாணத்துப் பொண்ணுன்னு ஊரு பேசவா?"

"வேற என்ன சொல்றது?"

"பொய் சொன்னேன்னு சொல்லுங்க. எட்மாஸ்டர் மொகத்தைப் பாத்து, ஆசைப்பட்டுப் பொய் எழுதினேன்னு சொல்லுங்க."

"வேலை போயிரும் சண்முகம். பண்டும் போனாலும் போகும்."

"போகட்டும். கூலிக்குப் போயிச் சோறு போடுறேன்."

தட்டிலிருந்த பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு, "சரி, சொல்றேன்" என்றார். சொன்னால் செய்வார். அந்தமட்டுக்கும் மனுஷர்தான்.

ராஜாத்தி அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். மாமன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணும் கலங்கவில்லை. எங்களைப் பெற்றவர்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை, யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் காயிதத்துல மாப்பிள்ளைன்னு யாரு பேரை எழுதுனீக?" என்று கேட்டாள்.

இவர் நிமிரவில்லை. "வேற யாரை எழுதுவேன்? எனக்கு வேற பேரே தோணலையே தாயி. ஜெயமங்கலம் சுருளியாண்டி மகன் அம்மாவாசின்னுதான் எழுதினேன்."

சந்தையில் எங்கள் அண்ணன் வெட்கப்படாமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். எட்மாஸ்டர் அவர் மகன் பேரையே சொல்லியிருப்பார்.

அப்போதுதான் ராஜாத்தி அழுதாள்.