நல்ல முகம் அந்தப் பக்கம்

டக் டக் டக்கென்று கரண்டி ஜன்னல் கண்ணாடியில் விழ, ஜோசி பிரஷ்ஷும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, தோட்டத்தைப் பார்க்கப் போட்டிருந்த கட்டிலில், தலையணைகளில் சாய்ந்தபடி அவள் அப்பா கிளிஃப் கீழே கீழே என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

"அடில இலை அடைஞ்சு கெடக்கு பாரு! அத வாரிட்டு அப்புறம் தேய்!"

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்க வேண்டும் என்று காலையிலேயே அடம். நர்ஸ் கூடாது என்றாள். "சளி பிடிக்குமாம். பிடிக்கட்டுமே, இனிமே எனக்கென்ன!" என்று அவர் சிரித்ததில் நர்ஸே சிரித்துவிட்டாள். சமையலறையில் வைத்து ஜோசியிடம் அவர் நிலைமையைச் சொன்னபோதுதான் நர்ஸ் சிரிக்கவில்லை. இன்றைக்கு, மிஞ்சினால் நாளைக்கு.

அதைக் கேட்டு ஜோசி குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடிப்பதற்குள் கரண்டி தட்ட ஆரம்பித்துவிட்டது. ராத்திரி உறைபனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டானாம். அதற்குள் வேலியைக் கழுவியாக வேண்டுமாம். இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில் அந்தத் தெருவிலேயே முதலில் வந்த காம்போசிட் வேலி அது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை; உளுக்காது, சாயம் கேட்காது. குளிர்காலத்தில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெதுவெதுப்பாகச் சோப்புத் தண்ணி, மெத்தென்ற பிரஷ்.

இந்த இரண்டைத்தான் பக்கத்து வீட்டு டெஸ்ஸிடமும் வேலி போட்ட அன்றைக்கே கிளிஃப் சொன்னார். "உன் வேலியக் கழுவ நான் என்ன உன் வேலைக்காரனா?" என்று கேட்டான் அவன். அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் எதிர்ப்பட்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

ஜோசி கடைசிப் பலகையைக் கழுவி முடித்தாள். இப்போதாவது திருப்தியாவார் என்று பார்த்தால், கண் இன்னும் பளபளத்தது.

"அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா."

"அப்பா, அது டெஸ்ஸோட தோட்டம்."

"வேலி என்னுது. குளிர்காலம் வந்தா கர் கர்ருனு ஒரு சத்தம். அவன் என்னத்த வச்சுத் தேய்க்கிறான்னு தெரியாம நான் போறதா? பொய் சொன்னேன்னு வை, ஆவியா வந்து உதைப்பேன்."

செருப்போடு கதவைத் திறந்த டெஸ் விஷயத்தைக் கேட்டதும் காது வரை சிவந்துபோனான். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாப் பலகையும் பளிச்சென்றுதான் இருந்தது. அப்பாவின் ஜன்னலுக்கு நேரே, இரண்டு தூணுக்கு நடுவே இருந்த ஒரு தட்டி மட்டும், மேலிருந்து கீழ்வரை பூனை பிறாண்டினாற்போல் ஒரே கீறல்.

"கம்பி பிரஷ்," என்றான் டெஸ். "என் ஷெட்டுக் கூரைத் தண்ணி இங்கதான் ஒழுகும். பாசி போவவே இல்ல. உங்கப்பன் சொன்னது சரின்னு தெரியறதுக்குள்ள அத்தனையும் சுரண்டிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது? சொல்லிடாதம்மா."

சொல்லக்கூடாது என்றுதான் ஜோசி திரும்பி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"கம்பி பிரஷ்ஷா!" கிளிஃப் கட்டிலில் கரண்டியால் அடித்துச் சிரித்தார். "சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஜோசிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் வேலியையே பார்த்தார்.

"அந்தத் தட்டியோட மேல் சட்டத்தைக் கழட்டு. பலகைய ஒவ்வொண்ணா உருவித் திருப்பிப் போடு."

"எதுக்குப்பா? கீறல் நம்ம பக்கம் வந்துடுமே!"

"வரட்டும். வேலியோட நல்ல முகம் பக்கத்து வீட்டுக்குத்தான். ஊரெல்லாம் அப்படித்தானே போடறான்? குளிருக்குப் பலகை சுருங்கியிருக்கும், வழுக்கிட்டு வரும். கோடைல தலைகீழா நின்னாலும் வராது. போ போ, இருட்டப் போவுது!"

அப்புறம் என்ன, அமர்க்களம்தான். ஜோசி இந்தப் பக்கம், டெஸ் அந்தப் பக்கம். ஒவ்வொரு பலகை வெளியே வந்தபோதும் ஜன்னலில் ஒரு டக். முதலில் டெஸ்ஸின் தொப்பி தெரிந்தது, பிறகு முகம், தொப்பை, கடைசியில் பனியில் நனைந்த செருப்பு. தட்டி முழுக்கத் திறந்துகொண்டது. டெஸ் சற்றுத் தயங்கிவிட்டு, அந்த வழியாகவே ஜன்னல் வரை நடந்து வந்தான்.

"கிளிஃப்."

"வாடா டெஸ். கம்பி பிரஷ் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"புளுகாத."

"ஷெட்ல இருக்கு," என்றான் டெஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சிரிச்சது போதும், மாட்டுங்கடா!" என்றார் கிளிஃப்.

திருப்பிய பலகை தூணில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் சரசரவென்று இறங்கியது. டக். அடுத்தது. டக். அதற்கடுத்தது. டக். ஜோசிக்குக் கை விறைத்தது, ஆனால் நெஞ்சு பந்தயத்தில் ஓடுகிற மாதிரி துள்ளியது. முடித்துவிடுவோம், அவர் பார்த்துவிடுவார்!

அடுத்த பலகை இறங்கி உட்கார்ந்தது. சத்தம் வரவில்லை.

டெஸ் அவள் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். ஜோசி பிரஷ்ஷில் தடுக்கி, வாளியைத் தட்டிவிட்டு உள்ளே ஓடினாள். கரண்டி போர்வை மேல் கிடந்தது. அப்பாவின் கை இன்னும் சூடாக இருந்தது, முகம் வேலிப் பக்கம். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு நர்ஸுக்குப் போன் செய்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் டீக்குத் தண்ணி வைத்தாள்.

வெளியே வந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. டெஸ் அதே இடத்தில், பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தான்.

"கீறல் எந்தப் பக்கம்?" என்றான், தெரியாதவன் போல.

"எங்க பக்கம், டெஸ்."

இருவருமாகத் தூக்கி விட்டார்கள். பலகை வழுக்கி இறங்கி உட்கார்ந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். பிறகு அடுத்த பலகையை எடுத்தார்கள்.