இறங்கிக்கொண்டே போன சாம்பல் ஓவியம்

டெய்ன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் கோட்ஃபிரைட் வாங்கிய ஓவியம், அதை ஏன் வாங்கினார் என்பதற்கு அவர் பொய்க் காரணம் சொல்லும்போதெல்லாம் சுவரில் நான்கு விரற்கடை கீழே இறங்கியது. ஆணியும் கூடவே இறங்கியது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, சுவர்மேல் குற்றமில்லை என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஓவியம் முழுக்கச் சாம்பல் நிறம், வேறொன்றும் கிடையாது. கெண்ட் நகரக் கண்காட்சியில் வாங்கி, வீட்டை ஒட்டிய தன் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் மாட்டியிருந்தார். பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறென்ன வேலை? எல்லோரும் கேட்டார்கள். முதலீடு என்றார், இறங்கியது. இளம் ஓவியர்களை நாம்தானே தூக்கிவிட வேண்டும் என்றார், இறங்கியது. வெறுமையோடு உரையாடுகிறேன் என்று பாதிரியாரிடம் சொன்ன அன்று மட்டும் ஒரு முழம் இறங்கிவிட்டது. ஊர் நோட்டரி யோரிஸிடம் பதினேழு ஓவியங்கள் இருந்தன. எல்லாம் கிடங்கில் பெட்டிக்குள் கிடந்ததால் எது எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று வருடத்தில் ஓவியம் கணுக்காலுக்கு வந்துவிட்டது. "இங்க பாரு, அது தரையத் தொட்ட அன்னிக்கு நானே குப்பைக் கிடங்குல கொண்டுபோய் போட்டுடுவேன்" என்றாள் மனைவி மீக்க. சொன்னால் செய்கிறவள். அவருடைய அக்கார்டியன் வாத்தியம் அப்படித்தான் போயிருந்தது. காலையில் அந்தச் சாம்பலை ஐந்து நிமிடம் பார்க்காமல் அவரால் வேலையைத் தொடங்க முடியாது என்ற நிலை அப்போது.

நான்கு விரற்கடை மிச்சமிருந்தபோது நோட்டரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க டாக்டர், என்மேல பொறாமையிலதான இத வாங்குனீங்க?"

மீக்க கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள். கோட்ஃபிரைட் ஓவியத்தைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க தொழில்ல செவப்புத் தாளக் கடிக்கச் சொல்லிப் பாப்போம். பல்லுல புள்ளி விழுந்தா, அந்த எடத்தச் சரி பண்ணணும்னு அர்த்தம். அந்தக் கண்காட்சியில எல்லாப் படத்துக்குப் பக்கத்துலயும் செவப்புப் புள்ளி ஒட்டியிருந்துச்சு. இதுக்கு மட்டும் இல்ல. சரி, இதுதான் கொறையில்லாததுன்னு வாங்கிட்டேன்."

"அட போங்க டாக்டர், புள்ளி வச்சா வித்துப்போச்சுன்னு அர்த்தம். இத ஒருத்தரும் சீண்டல."

"தெரியும். பணம் கட்டுனதும் இதுக்கும் ஒண்ணு ஒட்டுனாங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. முப்பது வருஷமா எதப் பாத்தாலும் ஓட்டையத்தான் தேடுறேன். இதுல தேட வேண்டாம். அவ்வளவுதான்."

மீக்க கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஓவியம் மெல்ல ஏறியது. பழைய இடத்தைத் தாண்டி, விட்டத்தை அடைந்து, அங்கே குப்புறப் படுத்துக்கொண்டது.

"நல்லதாப் போச்சு, இனிமே தொடைக்க வேண்டாம்" என்றாள்.

மறுவாரம் கோட்ஃபிரைட் சிகிச்சை நாற்காலியைக் காத்திருப்பு அறைக்கே கொண்டுவந்து அதன் நேர்கீழே போட்டார். முதலில் படுத்தவர் நோட்டரி. கடைவாய்ப்பல்லை அடைத்து முடிய நாற்பது நிமிடம் ஆனது. எழுந்ததும், மரத்துப்போன வாயால், இதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். இப்போதும் படுக்கிற எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கத் தோன்றும்போது, அவருடைய இரண்டு கையும் அவர்கள் வாய்க்குள் இருக்கின்றன.