சகலையின் ஆட்டு எரு

பக்கத்து நிலத்துக்காரன் நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருக்கக்கூடாது. அப்படியே இருந்தாலும் அவன் சகலையாக இருக்கக்கூடாது. எனக்கு இரண்டும் சேர்ந்து எலியேசர் என்று வந்து வாய்த்தது.

கமாகுவே நகரத்துக்கு வடக்கே எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்து அரசு நிலம் கிடைத்தது. நிலம் என்பது தாளில்தான். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே மராபு முள். மூன்று வருடத்தில் பாதி நிலமாவது முள் ஒழிந்து பயிராக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

நான் வெட்டினேன், மூட்டம் போட்டுக் கரியாக்கினேன். மராபு வெட்டினால் சாகிற சாதி இல்லை. விரல் நீள வேர் மிஞ்சினாலும் பத்துத் தளிர் எழும்பும். கடப்பாரையால் ஒவ்வொரு வேராகத் தோண்டி, மூன்றாம் வருடம் பிறக்கும்போது சரியாகப் பாதியை மீட்டிருந்தேன். எலியேசரும் வெட்டினான். ஆனால் வெட்டின கையோடு பதினாறு ஆடுகளை உள்ளே விட்டுவிட்டான். தளிர் தலை காட்டும்போதெல்லாம் ஆடு கடித்தது. வேர் ஓய்ந்து போயிற்று. என் கையெல்லாம் முள் தழும்பு. அவன் கையில் பால் வாசனை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கொழுந்தியாள் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கொய்யா அல்வாவும் கொடுத்தனுப்புவாள். வாயில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல். என் மனைவி நெரெய்தா இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே, "என் தங்கச்சி புருஷனுக்கு முள்ளு குத்துனதா என்னிக்காவது கேள்விப்பட்டிருக்கியா?" என்பாள்.

ஒரே ஒரு முறை எனக்கு ஆறுதல் கிடைத்தது. ஆடுகள் ஓடைக்கரைப் புதரையெல்லாம் மொட்டையடித்துவிட, ஒரே மழையில் கரை சரிந்து நல்ல மண் நாலு வண்டி ஓடையோடு போயிற்று. நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே அவன் கரைக்கு வேலி கட்டிப் புல் நட்டுவிட்டான். அந்தச் சந்தோஷமும் போயிற்று.

வெயில் காலத்தில் மராபு காய்க்கும். சுருண்டு சுருண்டு கொத்தாகத் தொங்கும் காய் ஆட்டுக்கு உயிர். விதை செரிக்காது. வயிற்றில் ஊறி வெளியே வந்தால் இன்னும் சீக்கிரம் முளைக்கும். அதனால் அந்த இரண்டு மாதமும் எலியேசர் ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்துப் புல் அறுத்துப் போடுவான். பட்டியில் சேரும் எருவை முதல் மழைக்கு முன்னால் தன் நிலத்தில் கொட்டுவான். எனக்கு ஒரு கூடை தந்ததில்லை. அதையும் நான் நெரெய்தாவிடம் புலம்பித் தீர்த்திருக்கிறேன்.

அந்த ஏப்ரலில் அவன் மகளுக்குப் பிரசவம். அவனும் கொழுந்தியாளும் நகரத்துக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னான். "புல்லு மட்டும் போடு சகல. காய் மட்டும் கண்ணுல காட்டிராத."

என் நிலத்தில் மீதிப் பாதியில் காய் குலுங்கியது. தினமும் இரண்டு சாக்கு பறித்துக்கொண்டு போய்ப் பட்டியில் கொட்டினேன். அந்த எரு அவன் வயலில் விழும், மழை பெய்யும், அவனும் என்னைப்போலக் கடப்பாரை பிடிப்பான் என்று நினைக்க நினைக்க இனித்தது. மூன்றாம் நாளிலிருந்து என் தலையைக் கண்டாலே ஆடுகள் கத்திக்கொண்டு ஓடி வந்தன.

அவன் திரும்பி வந்து ஆடுகளைத் தடவிப் பார்த்து, என்னைவிட நீதான் நன்றாக வளர்க்கிறாய் என்றான். சில நாள் கழித்து நான் கரி மூட்டைகளைச் சந்தையில் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். நெரெய்தாவின் முகமெல்லாம் சிரிப்பு. எருவுக்கு நான் ஏங்குவதை அவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். செய்த உதவிக்குக் கைம்மாறாக, பட்டி எரு முழுவதையும் எலியேசர் மாட்டு வண்டியில் கொண்டுவந்து என் பாதி நிலத்தில் பரப்பி, மண்ணோடு கலந்தும் விட்டிருந்தான். "உனக்குத் தெரியாம செய்யணும்னு காலையிலேர்ந்து ஒத்தை ஆளா பாடுபட்டான். ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு வா" என்றாள். போய்ச் சொன்னேன்.

மே மாதம் மழை பிடித்தது. பத்தே நாளில் என் மரவள்ளிக் குச்சிகளுக்கு நடுவே பொடி இலையோடு மராபு முளைத்தது, நாற்றங்கால் போல. நான் பிடுங்கப் பிடுங்க மறுநாள் அதே அளவு நின்றது. எலியேசர் வந்து குத்துக்காலிட்டு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தான். ஆடு எங்கோ காய் மேய்ந்திருக்கிறது, தான்தான் கவனிக்கவில்லை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

ஜூனில் நிலம் பார்க்கிற அதிகாரியம்மாள் வந்தார். முளைகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. என் நிலம் போயிற்று என்று நினைத்தேன். எலியேசர் குறுக்கே வந்து நின்றான்.

"அவரு மேல தப்பில்லீங்க. எரு என்னோடது. இது அவரு கையால வேர் வேரா தோண்டுன மண்ணு."

அந்த அம்மாள் எனக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆட்டு எருவால் வருகிற இந்த ஆபத்தைப் பற்றிக் கூட்டுறவுக் கூட்டத்தில் எலியேசர் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். காயைப் பறித்தவன் நான், போட்டவன் நான், மேடை அவனுக்கு. நெரெய்தா என் காதோரம், "தப்பு பண்ணாலும் எப்படி ஒத்துக்குறான் பாரு" என்றாள்.

மறுநாள் முளைகளை மேய்க்க ஆடுகளை ஓட்டி வந்தான். பதினாறும் முளைகளை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்து, என் பையை முட்டின, கையை நக்கின. எலியேசர் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கைக்கு எட்டும் உயரம் வரை காய் ஒன்றுகூட இல்லாமல் நின்ற என் மராபு மரங்களைப் பார்த்தான்.

"என்ன போட்ட அதுகளுக்கு?" என்றான்.

நான் பையை முட்டிய ஆட்டைத் தள்ளிவிட்டேன். அவன் கையிலிருந்த கோலை என்னிடம் கொடுத்துவிட்டு, "நீயே மேய்ச்சுக்க" என்று சொல்லிப் போய்விட்டான்.

மூன்று மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாலாடைக்கட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. நெரெய்தாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று மாலையே சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.