கரடி மாப்பிள்ளையின் வயிற்றுத் தையல்

அந்த வீட்டு அலமாரியில் கல்யாணம் என்றால் ஒரே ஒரு சடங்குதான். பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்குள்ளே இருப்பதைத் திறந்து காட்டிவிட வேண்டும். சீப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கல்யாணம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பஞ்சுக் கரடிதான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றான்.

மணப்பெண் ஃபிளாஸ்க்குக்கு மூடி தொலைந்துவிட்டது. "சாயங்காலம் வந்து இதைத் தூக்கிப் போட்டுடணும்" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா வேலைக்குப் போயிருந்தாள். அதனால்தான் இந்த அவசரக் கல்யாணம்.

"பொண்ணு திறந்துதான் இருக்கா, பார்த்தாச்சு. மாப்பிள்ளை, வயித்தைக் காட்டுங்க" என்றாள் கத்தரிக்கோல் அத்தை.

"உள்ள வெறும் பஞ்சுதான் அத்தை."

"அதுக்கு ஏன்யா இந்த நடுக்கம்? உன்னை உருவி நாங்க என்ன தலையணையா தைக்கப்போறோம்?" என்றார் குடைச் சித்தப்பா. அலமாரியே சிரித்தது.

கரடி சிரிக்கவில்லை. அவனுடைய முதல் மனைவி வெந்நீர்ப் பை. பகலெல்லாம் பக்கத்தில் இருப்பாள். பொழுது சாய்ந்தால் வீட்டய்யாவின் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கப் போய்விடுவாள். ஒரு நாளாவது போகாமல் இருக்கட்டுமே என்று அவள் மூடியைக் கழற்றித் தன் வயிற்றுக் கிழிசலில் ஒளித்துக்கொண்டான். வீடெல்லாம் தேடினார்கள். "மூடி இல்லாம இதை வெச்சு என்ன பண்றது?" என்று குப்பைக்கூடையில் போட்டார்கள். மனிதர்கள் பார்க்கும்போது அசையக் கூடாது என்பது பொம்மைகளின் விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு கரடி சும்மா இருந்துவிட்டான். மூடி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவனைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. பிறகு வீட்டம்மா அவன் கிழிசலைத் தைத்தும் விட்டாள்.

கரடி மல்லாந்து படுத்தான். "வெட்டுங்க அத்தை."

மூடி உருண்டு வந்து ஃபிளாஸ்க்கின் காலடியில் நின்றது. அது யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அடப்பாவி" என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை.

ஃபிளாஸ்க் அந்த மூடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு, "இதை நான் போட்டுக்கிட்டா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு அவங்க நினைப்பு வருமே?" என்று கேட்டாள்.

"வரட்டும்."

துணி சுற்றி அழுத்தியதும் மூடி ஒருவழியாகப் பொருந்தியது.

"அட, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று சாயங்காலம் வீட்டம்மா வியந்தாள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடி, பழைய இடத்திலேயே வைத்தாள். வயிற்றில் பஞ்சு பிதுங்க, கரடி தன் புது மனைவி மேல் சாய்ந்துகொண்டான்.

ஃபிளாஸ்க்கின் சூடு வெளியே வராது. கரடி அதைக் கேட்கவும் இல்லை.