ஒன்பதாம் பக்கத்து ஓரம்

தையல்காரர் வீட்டுத் தொலைபேசி, இணைப்பைத் துண்டித்து ஏழு வருடமான பிறகும், நாளொன்றுக்குப் பதினோரு தடவை போல அடிக்கிறது. விடுமுறை நாட்களில் குறைவு, பல்கலைக்கழகங்களில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் அதிகம். எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை. தொலைபேசி நிலையத்து லைன்மேன் வந்து கருவியைத் தூக்கிப் பார்த்து, "ஒயரே இல்லியே, அப்புறம் எப்படி அடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது அவர் கையில் அடித்தது. மெதுவாக வைத்துவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

தையல்காரருக்கு ஒரே மகள். தாயில்லாத பிள்ளையைத் தானே தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினார். அவள் மண்புழுக்களை ஆராய்ச்சி செய்யப் போனாள். காதே இல்லாத அந்தப் பிராணி தரையின் அதிர்வை எப்படி அறிகிறது என்று கண்டுபிடிக்க எட்டு வருடம் ஆனது. அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் வாய் சும்மா இருக்க வேண்டுமே. தங்கை மகன் கல்யாண விருந்தில் அத்தனை பேர் நடுவில், "என் பொண்ணு எட்டு வருஷமா புழுவுக்கு மாப்பிள்ளை பாக்குறா, தனக்குப் பாக்கத்தான் நேரமில்ல" என்றார். உறவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மகளும் சிரித்தாள், தட்டை வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. அவளே முதலில் கூப்பிடட்டும் என்று இவருக்கு வீம்பு. பத்தாவது மாதம், "பேசாத போனுக்கு என்னத்துக்கு இணைப்பு" என்று அதையும் துண்டித்துவிட்டு, ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். கைபேசி அவரிடம் கிடையாது, அளவெடுக்கும்போது தொந்தரவு என்பார். பதினான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் லாரி மோதி மகள் இறந்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கைதான் ஓடிவந்து சொன்னாள். அன்றிலிருந்து அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "கோவத்தோடயே போயிட்டாளா?" தங்கை ஒவ்வொரு தடவையும் இல்லை என்பாள். அவளுக்கு மட்டும் என்ன தெரியும், பாவம்.

நான்கு மாதம் கழித்து மகளின் கட்டுரை ஓர் ஆய்வுப் பத்திரிகையில் வெளிவந்தது. அவருக்குப் படித்தால் புரியாது. ஆனாலும் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். தங்கை மகன் கைபேசியில் திறந்து காட்டிய பத்திரிகையின் இணையதளத்தில் தலைப்பும் மகள் பெயரும் ஆறு வரியும் தெரிந்தன. அதற்குக் கீழே பூட்டுப் படம். சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமாம். பெற்றவனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஏறி அவள் படித்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆய்வுகளைத் திறந்து வைக்கும் களஞ்சியம் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட நூலகர் ஒரு பெண். "பத்திரிகை அச்சடிச்சதைக் குடுக்க முடியாது ஐயா. ஆனா உங்க பொண்ணு அவங்களுக்கு அனுப்பின கடைசிப் பிரதிய நாம திறந்து வைக்கலாம். அதுக்கு அனுமதி இருக்கு" என்றார். மகளின் கணினியில் மூன்று கோப்புகள் கிடைத்தன: கடைசி, கடைசி-திருத்தியது, இதுதான் கடைசி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். நூலகர், யாராக இருந்தாலும் செய்வதைப் போல, 'இதுதான் கடைசி'யை எடுத்துக் களஞ்சியத்தில் ஏற்றினார்.

மறுநாள் பகல் பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. தன் காதில்தான் கோளாறு என்று அவர் காலர் தைத்துக்கொண்டே இருந்தார். தங்கை கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, போன் அடிக்குது, எடுக்கலியா?" என்றாள். எடுத்தார். சத்தமே இல்லை. அன்றிலிருந்து அடிக்கும் நேரத்தையெல்லாம் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தார். மூன்று மாதத்தில் சுவர் நிரம்பியது.

அப்போதுதான் எங்கோ தூர தேசத்துப் பேராசிரியர் ஒருவர், ஒன்பதாம் பக்க ஓரத்தில் தெரியாத எழுத்தில் ஏதோ இருக்கிறதே, அது என்ன சமன்பாடு என்று நூலகருக்கு எழுதிக் கேட்டார். திறந்து பார்த்த நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரிகைக்குப் போன பிரதி 'கடைசி-திருத்தியது'. இவர் ஏற்றியதோ, மகள் ஓரத்தில் தனக்குத் தானே குறிப்பெழுதிக்கொண்ட பிரதி. அச்சடித்து எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க நேரே தையல்காரர் வீட்டுக்கு வந்தவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். உலகத்தில் யார் எப்போது கட்டுரையைத் திறந்தார்கள் என்ற பட்டியல் அவர் பையில் இருந்தது. சுவரோடு வைத்துப் பார்த்தார். நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயிற்று. ஆவணங்களோடு பழகியவர், ஆதலால் தர்க்கம் செய்யவில்லை. உட்கார்ந்து ஒன்பதாம் பக்கத்தைப் படித்துக் காட்டினார்.

"அப்பாவுக்கு போன் பண்ணணும். சண்டை போட்டது போதும். புழுவுக்குக் காது கிடையாது, ஆனா நீ நடந்தா அதுக்குத் தெரியும்னு சொன்னா சிரிப்பார்."

"எப்ப எழுதினது?" என்று கேட்டார் தையல்காரர்.

"கோப்புல நேரம் பதிவாகியிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆறேகால்."

மறுநாள் சனிக்கிழமை காலையில் அவள் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அவள் கூப்பிட்டாளா, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக் கிடைக்காமல் படுத்தாளா என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை. மகளைப் புதைத்த அன்றுகூட அழாத மனிதர் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நூலகர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, "சரியான பிரதிய மாத்தி வச்சுடறேன் ஐயா. இந்தச் சத்தமும் நின்னுடும்னு நினைக்கிறேன்" என்றார்.

"வேணாம்மா. நான்தான் ஒயரப் புடுங்குனவன். அவ எங்கெங்கயோ சுத்தி வந்து கூப்பிடறா. மறுபடியும் நானே அறுக்கவா?"

நூலகர் போய், ஒன்பதாம் பக்கக் குறிப்பு ஆய்வாளருடையதே, நீக்கக் கூடாது என்று களஞ்சியத்தில் ஒரு வரி சேர்த்தார். அது இன்னும் இருக்கிறது. மண்ணைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். யாராவது திறந்துகொண்டேதான் இருக்கிறார்கள். தையல்காரர் ஓர் அழைப்பைக்கூட விடுவதில்லை. இன்று காலை ஒருவருக்குச் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது அடித்தது. டேப்பை அவர் தோளிலேயே விட்டுவிட்டு உள்ளே போய் எடுத்து, "சொல்லும்மா, அப்பாதான்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். வந்தவர் பழைய வாடிக்கைக்காரர், தையல்காரர் திரும்பி வரும்வரை கைகளை விரித்தபடியே காத்திருந்தார்.